இரண்டாவது ஆள்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் காலை ஐந்து மணிக்கு வேலை தொடங்கும். முதல் பஸ் அதற்குப் பிறகுதான் வரும். சுகந்திக்கு அது ஒரு பொருட்டில்லை. அவளுடைய வீட்டிலிருந்து பன்னிரண்டு நிமிட நடை. சுவிற்சர்லாந்தின் எம்மன்புரூக்கேயில் பழைய தொழிற்சாலை மதிலோரமாக நடந்து, ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் கூடத்தின் புகைபோக்கி தெரியும். மழையோ பனியோ பதினொரு வருடமாக அந்த வழிதான்.

கூடத்தில் அழுக்குப் பக்கம், சுத்தப் பக்கம் என்று இரண்டு. சுகந்தி அழுக்குப் பக்கம். பைகளை அவிழ்த்து, விரிப்புகள் ஒரு வண்டி, துவாய்கள் ஒரு வண்டி, டொக்டர்மாரின் வெள்ளைக் கோட்டுகள் ஒரு வண்டி என்று பிரிப்பாள். ஒவ்வொரு கோட்டின் பொக்கற்றுக்குள்ளும் கையை விட்டுப் பார்க்க வேண்டும். பேனை, கத்தரிக்கோல், பாதி தின்ற சொக்லேற் எல்லாம் வரும். ஒருமுறை கடுதாசித் துவாயில் சுற்றிய பல் செற் வந்தது. ஆருடைய வாய் இப்போது வெறுமையாக இருக்குதோ என்று அன்றைக்கு முழுக்க அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெப்ரவரியில் வீட்டுச் சங்கத்தின் கடிதம் வந்தது. சுகந்தி இருந்தது கூட்டுறவுச் சங்கத்தின் வீடு, மூன்றரை அறை. மகள் கிருசிகா தாதி வேலை கிடைத்து வின்டர்தூருக்குப் போய், வதிவிடப் பதிவையும் அங்கே மாற்றிவிட்டாள். கணவர் பாலேந்திரன் இறந்து எட்டு வருடம். மூன்றரை அறை வீட்டில் ஆகக் குறைந்தது இரண்டு பேராவது இருக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. ஒரு வருடத்துக்குள் இரண்டாவது ஆள் இல்லாவிட்டால், ஊரின் மறு கரையில் இருக்கிற சின்ன வீட்டுக்குப் போக வேண்டும். அங்கேயிருந்து ஐந்து மணி வேலைக்குப் பறந்துதான் வர வேண்டும்.

சுகந்தி ரெலிபோன் எடுத்துக் கேட்டாள். அறையை வாடகைக்குக் கொடுக்க ஏலாது, குடும்பத்து ஆள் என்றால் சரி என்று சங்கத்துப் பெண் பணிவாகச் சொன்னாள்.

"குடும்பத்து ஆளுக்கு நான் எங்கை போறது?" என்று இடைவேளையில் மேர்சியிடம் சொன்னாள் சுகந்தி.

மேர்சி சுத்தப் பக்கம். ஐந்து வயது மூத்தவள். இடைவேளைக்குப் பதினைந்து நிமிடம் கிடைத்தால் பத்து நிமிடம் கைபேசியில் நாவல் வாசிப்பாள். அப்போது ஒப்பந்தக் கலியாணக் கதையொன்றில் ஐம்பதாவது அத்தியாயத்தில் நின்றாள். பாட்டனின் உயில் காரணமாக, பிடிக்காத இரண்டு பேர் ஒரு வருடத்துக்கென்று கலியாணம் கட்டுகிற கதை.

"கலியாணம் கட்டன்," என்றாள் மேர்சி, கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"விசர்க் கதை கதையாதேங்கோ அக்கா."

"இல்லையடி, உண்மையாத்தான் சொல்லுறன். எங்கடை மனுசன் வேலை செய்யிற ஹோட்டலிலை நித்தியானந்தன் எண்டு ஒருத்தர். குசினியிலை இருபத்தைஞ்சு வருசம் சமையல் வேலை. நாலு சகோதரங்களைக் கரைசேர்த்துப்போட்டுத் திரும்பிப் பாக்க அவருக்கு வயசு போட்டுது. ஹோட்டல் மேல்மாடியிலை ஒரு றூமிலை இருக்கிறார். இப்ப ஹோட்டலைத் திருத்தப் போகினமாம், எழும்பச் சொல்லிப்போட்டினம். அவருக்கு வீடு வேணும், உனக்கு ஆள் வேணும்."

சுகந்தி சிரித்தாள். ஆனால் அன்றைக்குக் கோட்டுப் பொக்கற்றுகளைத் தடவும்போது, நாற்பத்தேழு வயதில் ஒரு வீட்டுக்காகக் கலியாணம் கட்டினால் என்ன என்று அவளுடைய மனம் திரும்பத் திரும்பக் கேட்டது.

சந்திப்பு மேர்சி வீட்டில் நடந்தது. நித்தியானந்தனுக்கு ஐம்பத்துமூன்று வயது. மெலிந்த ஆள். இரண்டு முன்னங்கைகளிலும் அடுப்புச் சூட்டுத் தழும்புகள். மேர்சி பொரித்து வைத்த றோல்ஸைக் கடித்துவிட்டு, மிளகு கொஞ்சம் கூட என்று சொல்ல வந்ததுபோல வாயைத் திறந்து, மேர்சியைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். சுகந்தி அதைக் கவனித்தாள்.

"நான் நேரா கதைக்கிறன். உங்களுக்கு ஒரு அறை, எனக்கு ஒரு அறை. வாடகை சரிபாதி. வேறை ஒண்டையும் எதிர்பாக்கக்கூடாது," என்றாள்.

"ஓம்."

"இன்னுமொண்டு. ஒருத்தரை ஒருத்தர் விசாரிக்கிறேல்லை. எங்கை போனனீங்கள், ஏன் பிந்தினது, ஆர் கதைச்சது எண்டு ஒண்டும் கேக்கக்கூடாது."

அதற்குக் காரணம் இருந்தது. பாலேந்திரன் நல்ல மனுசன்தான். குடியில்லை, கையோங்கினதில்லை. ஆனால் கேள்விதான். பாண் ஏன் இந்தக் கடையில் வாங்கினாய், பதினைந்து நிமிடம் எங்கே நின்றாய், ஏன் சிரித்தாய் என்று பதினாறு வருடம் பதில் சொல்லியே அவளுக்குக் களைத்துப் போயிருந்தது.

"அது எனக்கும் வசதி," என்றார் நித்தியானந்தன்.

மகள் கிருசிகாவுக்கு ரெலிபோனில் சொன்னாள்.

"அம்மா, இது என்ன ஃபேக் கலியாணமோ?"

"பதிவு உண்மையானது. அவருக்கு விசாப் பிரச்சினை ஒண்டுமில்லை. சட்டத்துக்குப் பிழையில்லை."

"நான் சட்டத்தைக் கேக்கேல்லை."

இருந்தாலும் மே மாதம் கலியாணப் பதிவுக் கந்தோருக்கு வந்தாள். மேர்சியும் கணவரும் சாட்சிக் கையெழுத்து வைத்தார்கள். கிருசிகா அவரை "அங்கிள்" என்று கூப்பிட்டு, கைகொடுத்து, மூன்று மணி ரெயிலுக்குத் திரும்பிப் போனாள். அவள் விட்டுப்போன அறைக்கு அன்று பின்னேரம் நித்தியானந்தன் இரண்டு சூட்கேசுகளோடு வந்தார்.

விசாரிக்கக்கூடாது என்று சட்டம் போட்டவளுக்குத்தான் அந்தச் சட்டம் முதலில் வில்லங்கமாக வந்தது.

அவர் அதிகம் கதைக்கவில்லை. ஆனால் பார்க்கப் பார்க்க ஏதாவது வந்துகொண்டிருந்தது. அரிசி கழுவின தண்ணீரை வீணாக ஊற்றாமல் பூச்சாடிக்கு விட்டார். சாமான் பட்டியலை யாழ்ப்பாணத் தமிழில் தொடங்கி பாதியில் டொச்சு மொழிக்கு மாற்றி எழுதினார். சவரம் எடுக்கும்போது சுவிஸ் டொச்சு ரேடியோவில் யாரோ பகிடி சொன்னால், குளியலறைக்குள் தனியாகச் சிரித்தார். அந்தப் பகிடி என்னவாக இருக்கும் என்று சுகந்தி குசினியில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று யோசித்தாள்.

ஓகஸ்டில் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. ஞாயிறு அவருக்கு லீவு. விடிய ஆறு மணிக்கு ஒரு பிரம்புக் கூடையோடு வெளிக்கிட்டுப் போனார். பின்னேரம் ஆறு மணிக்கு வெறுங்கூடையோடு வந்தார். சப்பாத்து முழுக்கச் சேறு. உடுப்பில் ஈரமண் மணம். "மழை," என்று மட்டும் சொன்னார், யாரும் கேட்காமலே. அடுத்த ஞாயிறும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

"பாடன் ஊரிலை ஒரு பொம்பிளை இருக்கும்," என்றாள் மேர்சி.

"பொம்பிளையைப் பாக்கப் போறவர் சேத்திலை உழக்கிக்கொண்டு வருவாரே?"

"தோட்டம் வைச்சிருக்கிற பொம்பிளையாக்கும். என்ரை கதையிலையும் இப்பிடித்தான். அவன் ஒவ்வொரு கிழமையும் எங்கையோ போறான், இவளுக்குச் சந்தேகம். பாத்தால் தாய்க்குச் சுகமில்லாமல் ஒளிச்சு வைச்சுப் பாக்கிறான்."

"அவனுக்கு எத்தினை வயசு?"

"இருபத்தொம்பது. கம்பனி இருக்கு. ஹெலிகொப்டர் இருக்கு."

"இவரிட்டைக் கூடைதான் இருக்கு," என்றாள் சுகந்தி.

கேட்டுவிடலாம்தான். கேட்டால் தானே போட்ட சட்டத்தைத் தானே முறித்ததாகிவிடும். பாலேந்திரனின் குரல் தன் வாயால் வருமோ என்ற பயமும் இருந்தது. எனவே பேசாமல் இருந்தாள்.

செப்ரெம்பரில் ஒருநாள் இரண்டு பேருடைய உடுப்புகளையும் மெசினுக்குள் போட எடுத்தபோது, பழக்க தோசத்தில் அவருடைய காற்சட்டைப் பொக்கற்றுக்குள் கை போனது. நான்காக மடித்த ஒரு கடுதாசித் துண்டு வந்தது. மேலே பச்சை முத்திரை. கீழே வாயில் நுழையாத நாலைந்து பெயர்கள். கடைசிப் பெயருக்குக் குறுக்கே சிவப்புக் கோடு, பக்கத்தில் ஒரு சொல். அந்தச் சொல் அவளுக்குத் தெரியும். சலவைக்கூடத்து மருந்துக் கான்களில் மண்டையோட்டுப் படத்துக்குக் கீழே தினமும் பார்க்கிற சொல். கிஃப்டிக். விஷம்.

அன்று பின்னேரம் நித்தியானந்தன் புட்டுக்குக் கத்தரிக்காய்க் குழம்பை விட்டுக்கொண்டிருந்தபோது, துண்டைச் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது என்ன?"

அவர் துண்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"விசாரிக்கிறேல்லை எண்டு சொன்னனீங்கள்."

"ஓம், சொன்னனான். விஷம் எண்டு எழுதிக் கிடக்கு. விஷத்தைப் பற்றிக் கேக்கலாம்."

அவர் சிரித்தார். குளியலறைக்குள் மட்டும் கேட்கிற சிரிப்பு முதல்தடவையாகக் குசினிக்கு வந்தது.

"காளான்," என்றார்.

"என்ன?"

"காளான் பிடுங்கப் போறனான். ஐகன்தால் பக்கம், பிலாத்துஸ் மலையடிவாரக் காட்டுக்கு. பிடுங்கினதைக் கெமைண்ட எண்ட ஊர்ச்சபை ஆக்களிட்டைக் கொண்டுபோய்க் காட்ட வேணும். அங்கை பரிசோதிக்கிறதுக்கெண்டு படிச்ச ஆள் இருக்கு. நல்லதைத் தருவினம், கூடாததை எறிஞ்சுபோட்டு இப்பிடி எழுதித் தருவினம்."

"அப்ப கூடை ஏன் வெறுமையா வருது?"

"ஹோட்டல் குசினிப் பெடியளிட்டைக் குடுத்துப்போட்டு வாறனான். உங்களுக்குக் காட்டுக் காளான் பயமா இருக்குமெண்டு நினைச்சன். சொல்லவும் யோசினை. நீங்களும் கேக்கேல்லை."

"கேக்கக்கூடாதெண்டு ஒரு விசரி சொல்லிப்போட்டாள் எல்லோ," என்றாள் சுகந்தி. இரண்டு பேரும் சிரித்தார்கள். குழம்பு ஆறிப்போனது.

அடுத்த ஞாயிறு அவளும் போனாள். பக்கத்து நகரமான லூசேர்னிலிருந்து மலைக்குப் போகிற பஸ்ஸில் அவர்களைத் தவிர நாலு பேர்தான். கீழே ஊர் முழுக்கப் பனிப்புகார் மூடியிருந்தது. பஸ் ஏற ஏறப் புகார் கீழே போய், திடீரென்று வெயில் வந்தது. மாடுகளின் கழுத்துமணிச் சத்தம் எங்கிருந்தோ கேட்டது.

காட்டுக்குள் அவர் வேறு ஆள். வீட்டில் நாற்காலியின் நுனியில் இருக்கிறவர், இங்கே சரிவில் ஆட்டைப்போல ஏறினார். கிளையை ஒதுக்கி அவளுக்கு வழிவிட்டார்.

"நிலத்தைப் பாக்காதேங்கோ. மரத்தைப் பாருங்கோ. இன்ன மரத்துக்குக் கீழை இன்னதுதான் வரும். மரத்தைக் கண்டால் காளான் தானா வரும்."

அவள் சிவப்பில் வெள்ளைப் பொட்டு வைத்த ஒன்றைக் கண்டு கத்தினாள்.

"அது பாக்கிறதுக்கு மட்டும்," என்றார்.

ஒரு மணித்தியாலம் ஒன்றும் இல்லை. முதுகு நொந்தது, சப்பாத்துக்குள் தண்ணீர். பிறகு ஒரு முதிய ஊசியிலை மரத்தின் வேரோரம், பாணின் மேல்தோல் நிறத்தில் தடித்த ஒன்று நிற்பது அவளுக்குத் தெரிந்தது. அதைத் தொடாமல், மூச்சையும் விடாமல், "இஞ்சை வாங்கோ" என்று கையைக் காட்டினாள். அவர் முழங்காலிட்டு, அடியைப் பிடித்து மெல்லத் திருகி எடுத்தார். கத்தியால் மண்ணைச் சுரண்டி, அவளுடைய உள்ளங்கையில் வைத்தார். குளிர்ந்து, கனமாக இருந்தது.

"முதல் நாளே இதைக் கண்டிட்டியள். எனக்கு இரண்டு வருசம் எடுத்தது."

விழுந்து கிடந்த மரமொன்றின் மேல் இருந்து, பாணும் சம்பலும் சாப்பிட்டார்கள்.

"இது ஆர் உங்களுக்குப் பழக்கினது?"

"ஒருத்தருமில்லை. முதல் வந்த காலத்திலை வேலை செய்ய விடமாட்டினம். அகதி முகாமிலை சும்மா இருக்க ஏலாமல் காட்டுக்குள்ளை நடப்பன். ஒருநாள் கண்டதையெல்லாம் ஒரு பையிலை பிடுங்கிக்கொண்டு அந்தப் பரிசோதனை இடத்துக்குப் போனன். அங்கை இருந்த மனிசி எல்லாத்தையும் எறிஞ்சுபோட்டா. ஒண்டும் மிச்சமில்லை. ஆனா எறிய முதல் ஒவ்வொண்டையும் எடுத்து, ஏன் கூடாதெண்டு சொன்னா. மணந்து காட்டினா. பத்து நிமிசம். எனக்கு முக்கால்வாசி விளங்கேல்லை." அவர் தேத்தண்ணியை ஊதினார். "இந்த நாட்டுக்கு வந்து, அதுக்கு முதல் ஒருத்தரும் என்னோடை பத்து நிமிசம் கதைச்சதில்லை. அதாலை அடுத்த கிழமையும் போனன்."

எறிகிறார்கள் என்று தெரிந்தும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கிழமைக்குக் கிழமை போன அந்த ஆளைச் சுகந்தி நினைத்துப் பார்த்தாள். அப்போது அவர் எந்தச் சட்டை போட்டிருப்பார், தலைமயிர் எவ்வளவு இருந்திருக்கும் என்றெல்லாம் அறிய வேண்டும்போல இருந்தது.

அன்று பரிசோதனையில் இரண்டே இரண்டுதான் எறிபட்டன. மேசைக்குப் பின்னால் இருந்த கண்ணாடி போட்ட பெண், "இன்றைக்கு இரண்டு பேரோ?" என்று நித்தியானந்தனிடம் கேட்டுவிட்டு, சுகந்தி கண்டதை வெளிச்சத்துக்குப் பிடித்துத் தலையாட்டினாள்.

வீட்டில் அவர் சமைத்தார். வெங்காயம், பச்சைமிளகாய், மிளகு, கடைசியில் கொஞ்சம் தேங்காய்ப்பால். சுகந்தி முதல் கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"நான் முதல் சாப்பிடுறன். அரை மணித்தியாலம் பொறுத்துச் சாப்பிடுங்கோ," என்றார்.

"தேவையில்லை," என்று வாயில் வைத்தாள். மண்ணின் மணமும் இறைச்சியின் ருசியுமாக இருந்தது. அடுத்த நாள் காலமை வேலைக்குப் போகமுதல் அவருடைய அறைக் கதவில் தட்டி, "நான் உயிரோடைதான் இருக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அந்த இலையுதிர்காலம் முழுக்க ஒவ்வொரு ஞாயிறும் போனார்கள். பஸ்ஸில் போகும்போது ஒரு கேள்வி, வரும்போது ஒரு கேள்வி. அவள்தான் கேட்பாள். அவர் மறைக்காமல் சொல்வார், ஆனால் தானாக ஒன்றும் கேட்கமாட்டார்.

நவம்பரில் கிருசிகா ரெலிபோன் எடுத்தாள். குரலில் சந்தோசம்.

"அம்மா, லூசேர்னிலை எனக்கு வேலை கிடைச்சிருக்கு. ஜனவரியிலை இருந்து. நான் வீட்டை வாறன். பதிவையும் அங்கை மாத்திறன். இனி நாங்கள் இரண்டு பேர், வீட்டுக்குப் பிரச்சினையில்லை. அங்கிளும் பாவம், இனி இந்த நாடகம் ஆடத் தேவையில்லை."

சுகந்தி "நல்லது பிள்ளை" என்றாள். கைபேசியை வைத்த பிறகு, கழுவின கோப்பையை இன்னொருமுறை கழுவினாள்.

அன்று பின்னேரமே நித்தியானந்தனிடம் சொன்னாள். ஒளித்து வைக்க மனம் வரவில்லை.

"நல்ல விசயம். பிள்ளை தாயோடை இருக்கிறதுதான் சரி," என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, "நான் றூம் பாக்கிறன். கலியாணப் பதிவைப் பற்றிப் பிறகு யோசிப்பம், அதுக்கு அவசரமில்லை" என்றார்.

போகவேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. கலியாணமே ஒரு காரணத்துக்காகத்தான். அந்தக் காரணம் இப்போது இல்லை. காரணமில்லாமல் ஒரு ஆளை எப்படி இருக்கச் சொல்கிறது?

"அவன் என்ன சொன்னான் தெரியுமோ, என்ரை கதையிலை?" என்று அடுத்த நாள் இடைவேளையில் மேர்சி தொடங்க, "அக்கா, இண்டைக்கு வேண்டாம்" என்றாள் சுகந்தி. மேர்சி கைபேசியை அணைத்து அப்ரனுக்குள் வைத்தாள்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை கிருசிகா சாமான்கள் கொஞ்சத்தோடு வந்தாள். குசினி வாசலில் நின்று அவள் பார்த்தது இதுதான்: நித்தியானந்தன் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார், அம்மா அவருடைய தோளுக்கு மேலால் எட்டி, "ஏன் வேரைக் கடைசியா வெட்டுறியள்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் விளக்கினார். அம்மா பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கேட்டாள்.

அவர் வேலைக்குப் போன பிறகு கிருசிகா தாயின் அறைக்கு வந்து கட்டிலில் இருந்தாள்.

"அம்மா, நீங்கள் அவரை விரும்புறியளோ?"

சுகந்தி மடித்துக்கொண்டிருந்த துவாயை விரித்து, திரும்ப மடித்தாள்.

"அது எனக்குத் தெரியாது பிள்ளை. உன்ரை அப்பாவோடை எனக்கு அறியிறதுக்கு ஒண்டும் இருக்கேல்லை. எல்லாக் கேள்வியும் அவரே கேட்டு முடிச்சுப்போட்டார். இவர்... இவரை நான் இன்னும் பாத்து முடியேல்லை. ஒவ்வொரு நாளும் வேலையாலை வரேக்கை, இண்டைக்கு என்ன இருக்கும் எண்டு பாக்க வேணும்போலை இருக்கு. அதுக்கு என்ன பேர்?"

கிருசிகா தாயின் கையிலிருந்து துவாயை வாங்கி வைத்தாள்.

"அப்ப ஏன் என்னட்டைச் சொல்லுறியள்? அவரிட்டையெல்லோ சொல்லவேணும்," என்றாள்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நித்தியானந்தனுக்குப் பக்கத்தூர் கிறியன்ஸில் ஒரு றூம் பார்க்கப் போக வேண்டியிருந்தது. சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது, "நானும் வரட்டோ?" என்று கேட்டாள் சுகந்தி.

"வேலைக் களைப்பில்லையெண்டால் வாங்கோ."

இரண்டு பஸ் மாறிப் போனார்கள். ஈரப்பனி பெய்துகொண்டிருந்தது. மூன்றாம் மாடி. ஏஜென்சியிலிருந்து வந்த இளைஞன் கதவைத் திறந்துவிட்டான். ஒரே அறை. அலுமாரிக் கதவைத் திறந்தால் உள்ளே இரண்டு அடுப்புத் தட்டு. சன்னலுக்கு வெளியே கார் நிறுத்துகிற இடம். வெள்ளையடித்த மணம் இன்னும் போகவில்லை.

நித்தியானந்தன் தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்தார், மூடினார். சன்னலைத் தட்டிப் பார்த்தார்.

"ஒரு ஆளுக்கு நல்ல வசதியான இடம்," என்றான் இளைஞன் டொச்சில்.

"ஓம். பரவாயில்லை," என்று நித்தியானந்தன் தமிழில் முணுமுணுத்தார். கையெழுத்து வைக்கிறதுக்குப் பேனையை எடுத்தார்.

"இது காணாது, இடம் போதாது," என்றாள் சுகந்தி.

அவர் திரும்பினார். "எனக்கென்ன, ஒரு கட்டில் போட்டால் முடிஞ்சுது. எனக்குக் காணும்."

"எனக்குக் காணாது."

அவர் பேனையைப் பிடித்தபடியே நின்றார். கீழே யாரோ காரின் மேலிருந்த பனியைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. சுகந்தியின் முகம் சூடாகி, காதுவரைக்கும் எரிந்தது. ஆனால் அவள் கண்ணை எடுக்கவில்லை. அவர் முகத்தில் என்ன வரப்போகிறது என்று பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை. முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு வாய் ஒருபக்கமாகக் கோணியது, கண் கலங்கியது, அதை மறைக்கக் குனிந்து பேனையின் மூடியைத் தேடினார்.

இளைஞனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டான்.

நித்தியானந்தன் தொண்டையைச் செருமி, சுத்தமான சுவிஸ் டொச்சில், மெதுவாகச் சொன்னார்: "என்னுடைய மனைவிக்கு இந்த இடம் சின்னதாம்."

திரும்பி வந்த பஸ்ஸில் கூட்டம். நின்றுகொண்டுதான் வந்தார்கள். மூன்று தரிப்பிடம் கழிந்தன. நாலாவதில் அவர் அவள் பக்கம் குனிந்தார். ஏழு மாதத்தில் அவர் தானாகக் கேட்கிற முதல் கேள்வி.

"பிள்ளைக்கு அவவின்ரை அறை வேணும். அப்ப நான் எங்கை படுக்கிறது?"

"என்ரை அறை பெரிசு."

அவர் கம்பியை மற்றக் கையால் மாற்றிப் பிடித்தார்.

"நான் குறட்டை விடுவன். உமக்குத் தெரியுமோ?"

நீங்கள் என்றே கதைத்துவந்தவர் இப்போது உமக்கு என்றது அவளுக்குக் கேட்டது. ஊரில் புருசன் பெண்சாதியோடு கதைக்கிற சொல் அது.

"தெரியும். மே மாதத்திலை இருந்து சுவராலை கேட்டுக்கொண்டுதானே படுக்கிறன்," என்றாள் சுகந்தி.